செய்தித் தமிழில் 'புயல்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்ச் செய்தியில் 'புயல்' இரண்டு வேலை பார்க்கிறது. வங்கக்கடலில் உருவாகி, கரையோரக் குடிசைகளின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போவது ஒன்று. சட்டமன்றத்தில் ஒருவர் பேசிவிட்டு உட்கார்ந்ததும் கிளம்புவது இன்னொன்று. நாளிதழ் மேசையில் வேலை பார்க்கும் உதவி ஆசிரியர்களும், இணையத்தில் செய்தி எழுதுகிறவர்களும், இதழியல் மாணவர்களும் இந்தச் சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உருவகத்துக்கு நான் எதிரி கிடையாது. ஆனால் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இந்தச் சொல்லைக் கடலுக்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதைப் பார்த்துத்தான் கரையோரத்தில் படகை மேட்டில் ஏற்றுவதா, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போவதா என்று முடிவெடுக்கிறார்கள்.

வானிலைச் செய்தியில் 'புயல்' என்பதற்கு அளவு ஏதாவது உண்டா?

உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறை காற்றின் வேகத்தை வைத்துத்தான் பெயர் சொல்கிறது. காற்று மணிக்கு 31 கி.மீ. வேகத்தைத் தொட்டால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 கி.மீ. ஆனால் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62 கி.மீ. ஆனால்தான் புயல். 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல். 118 கி.மீ.க்கு மேல் அடுத்தடுத்த படிகள் இருக்கின்றன. உச்சியில் 222 கி.மீ.யைத் தாண்டியது சூப்பர் புயல். 1999-இல் ஒடிசாவைச் சிதைத்தது அந்த வகை.

இவற்றுக்கெல்லாம் கீழே, 31 கி.மீ.க்கும் குறைவான முதல் படியில் இருக்கும் காற்றழுத்தத் தாழ்வு 'பகுதி'க்கும் அதற்கு அடுத்த தாழ்வு 'மண்டல'த்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். பகுதி என்பது மண்டலத்தைவிட வலு குறைந்தது. தலைப்பில் இடம் இல்லையென்று 'தாழ்வு' என்று மட்டும் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். இடம் போதாவிட்டால் வேறு எதையாவது வெட்டலாம், இதை வெட்டக் கூடாது.

அப்படியானால் 'புயல் சின்னம்'?

அது பத்திரிகை வழக்கு. புயலாக மாறக்கூடிய ஒரு தாழ்வு கடலில் இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வந்தது. மேலே சொன்ன படிகளில் 'சின்னம்' என்று ஒரு படி கிடையாது. ஆகவே 'வங்கக்கடலில் புயல் சின்னம்' என்று தலைப்பிட்டால், முதல் வரியிலேயே அது இப்போது எந்தப் படியில் இருக்கிறது என்று எழுதிவிட வேண்டும். புயல் சின்னம் என்று படித்தவர்கள் பாதிப் பேர் புயல் வந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர் நாலு 'சின்னம்' வந்து ஒன்றும் நடக்காமல் போனபிறகு ஐந்தாவதைப் படிப்பதே இல்லை. இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

புயல் 'வலுவிழந்தது' என்றால் ஆபத்து நீங்கியது என்றுதானே பொருள்?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அரசியல் செய்தியில் 'எதிர்ப்பு வலுவிழந்தது' என்றால் கதை முடிந்தது. வானிலைச் செய்தியில் அதே வினை காற்றின் வேகம் ஒரு படி இறங்கியது என்பதை மட்டும் சொல்கிறது. மழையைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. வாசகருக்கோ இரண்டும் ஒரே சொல். அரசியல் பக்கத்தில் பழகிய பொருளோடுதான் அவர் வானிலைப் பக்கத்துக்கு வருகிறார்.

2024 நவம்பர் கடைசியில் நடந்ததைப் பாருங்கள். ஃபெங்கல் முதலில் புயலாக மாறுமா மாறாதா என்றே இழுபறியாக இருந்தது. ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடந்துவிடும் என்ற அறிவிப்பும் ஒரு கட்டத்தில் வந்தது. மறுநாள் புயலானது. 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பிறகு நகராமல் அங்கேயே பல மணி நேரம் நின்றது. வலுவிழந்து தாழ்வு மண்டலமான பிறகுதான் உள்மாவட்டங்களில் கொட்டியது. டிசம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து வீடு புதைந்து 7 பேர் இறந்தார்கள். கடலுக்குச் சம்பந்தமே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. பேருந்து நிலையத்துக்கு அருகே சாலையோரம் நின்ற வாகனங்கள் வெள்ளத்தில் உருண்டு போன காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த ஊர்க்காரர் முந்தின நாள் 'புயல் வலுவிழந்தது' என்று படித்திருந்தால் நிம்மதியாகப் படுத்திருப்பார்.

2020 டிசம்பரில் புரெவியும் இப்படித்தான். இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்து வலுவிழந்தது. அங்கே இருந்துகொண்டே கடலூர் மாவட்டத்தை நனைத்தது. சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்தது.

ஆகவே 'வலுவிழந்தது' என்று எழுதினால் அதே மூச்சில் மழை நிலவரத்தையும் எழுதுங்கள். 'காற்று தணிந்தது, மழை தொடரும்' என்ற தலைப்பு வெறும் நாலு சொல்தான்.

புயல் இல்லாமலேயே பேரழிவு வந்ததுண்டா?

வந்திருக்கிறது, அதுவும் பெரிதாகவே. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை மூழ்கியபோது அதற்குக் காரணமாக எந்தப் பெயர் சூட்டிய புயலும் இல்லை. 'சென்னையைத் தாக்கிய 2015 புயல்' என்று இன்றைக்கும் சிலர் எழுதுகிறார்கள். அது வெள்ளம். ஊரில் மரங்களைச் சாய்த்த புயல் வர்தா, 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வந்தது. இரண்டும் அடுத்தடுத்த டிசம்பர்களில் வந்ததால் நினைவில் கலந்துவிட்டன.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்ததும் அப்படியே. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. ஓர் ஆண்டு முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிகம். காரணமாகச் சொல்லப்பட்டது 'வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி'. அந்தச் சொற்றொடரைப் படித்து யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். அதற்கு முன்பு, அதே மாதத் தொடக்கத்தில், மிக்ஜாம் 'புயல்' என்ற பெயரோடு வந்தபோது சென்னைக்குக் கிடைத்த முன்பக்க இடம் தென்மாவட்டங்களுக்குக் கிடைக்கவில்லை. 'புயல்' என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் செலவழித்துவிட்ட மொழியில், அந்தச் சொல் இல்லாத எச்சரிக்கை சாதாரணமாகத் தெரிகிறது. என் ஆதங்கம் இதுதான்.

'கனமழை' விஷயத்திலும் இப்படி அளவு உண்டா?

உண்டு. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. 3 செ.மீ. பெய்து சாலையில் தண்ணீர் நின்றால் 'கொட்டித் தீர்த்த கனமழை' என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. 'பலத்த மழை' என்று எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

'புயல் வேகத்தில்' என்று எழுதலாமா?

எழுதலாம், ஆனால் புயல் அருகில் இருக்கும்போது வேண்டாம். புயலுக்கு இரண்டு வேகம் இருக்கிறது. ஒன்று அதற்குள் சுற்றும் காற்றின் வேகம். இன்னொன்று புயல் முழுதாக நகரும் வேகம். முதலாவது மணிக்கு 80, 100, 120 கி.மீ. என்று போகும். இரண்டாவது பல நேரங்களில் 10, 15 கி.மீ.தான். மிதிவண்டிக்காரர் முந்திவிடலாம். ஃபெங்கலைப் போலச் சில புயல்கள் நகராமல் நின்றுவிடுவதும் உண்டு.

'புயலின் வேகம் குறைந்தது' என்று தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோலில் எந்த வேகம் என்று இருக்காது. காற்றின் வேகம் குறைந்தால் ஓரளவு ஆறுதல். நகரும் வேகம் குறைந்தால் கவலைதான் கூட வேண்டும், ஏனென்றால் ஒரே இடத்தில் நின்று பெய்யும். ஆகவே 'காற்றின் வேகம்', 'நகரும் வேகம்' என்று எப்போதும் பிரித்தே எழுதுங்கள். அவசரம் என்ற பொருளில் 'புயல் வேகம்' போட வேண்டிய இடத்தில் 'மளமளவென்று', 'முழுவீச்சில்', 'இரவு பகலாக' என்று நம்மிடம் எத்தனையோ இருக்கிறது.

'கரையைக் கடந்தது' என்பதில் என்ன சிக்கல்?

புயலின் மையம் கடலிலிருந்து நிலத்துக்குள் வந்தது என்பதே வானிலைப் பொருள். காதில் விழுவது வேறு. 'சிக்கலைக் கடந்தோம்', 'கஷ்டத்தைக் கடந்து வந்தோம்' என்றெல்லாம் பேசிப் பழகியவருக்குக் கடந்தது என்றால் போய்விட்டது. நிலத்தில் இருப்பவருக்கு அப்போதுதான் அது வந்திருக்கிறது.

வர்தாவின் கண் பகுதி சென்னை மீது வந்தபோது காற்று சற்று ஓய்ந்தது. 'முடிஞ்சிருச்சு' என்று வெளியே வந்து விழுந்த மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு. கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று திரும்ப வீசியது. முதல் சுற்றில் ஒரு பக்கம் சாய்ந்து தப்பித்த மரங்கள் இரண்டாவதில் விழுந்தன. கரையைக் கடக்கும் நேரத்தில் எழுதும் செய்தியில் 'காற்று ஓய்ந்தாலும் வெளியே வராதீர்கள். மறுபக்கத்திலிருந்து திரும்ப வீசும்' என்ற ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வரி பழசாகிவிட்டதே என்று யாராவது வெட்ட வந்தால் விடாதீர்கள்.

உருவகப் பயன்பாட்டில் நல்லது எதுவுமே இல்லையா?

நிறைய இருக்கிறது. இசைப்புயல் என்றால் ஏ.ஆர்.ரகுமான். வைகைப்புயல் என்றால் வடிவேலு. நடனப்புயல் என்றால் பிரபுதேவா. புரட்சிப்புயல் என்றால் வைகோ. இவற்றைப் படித்து யாரும் வானத்தை அண்ணாந்து பார்த்ததில்லை. காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது. முன்னால் ஒட்டிக்கொள்ளும் சொல் (இசை, நடனம், சர்ச்சை) பொருளைப் பூட்டிவிடுகிறது. 'சர்ச்சைப் புயல்', 'பேச்சுப் புயல்' எல்லாம் இந்தப் பாதுகாப்பில்தான் வாழ்கின்றன.

வினையும் உதவுகிறது. கடல் புயல் உருவாகும், நிலைகொள்ளும், நகரும், கரையைக் கடக்கும். அதை யாரும் 'கிளப்புவது' இல்லை. ஆகவே 'புயலைக் கிளப்பியது' என்று வந்தாலே விவகாரம் மனிதர்களுடையது என்று தெரிந்துவிடும். 'வீசியது' இரண்டு பக்கமும் போகும், அதில் கவனம் வேண்டும். 'மையம் கொண்டுள்ளது' என்பதை அரசியல் கட்டுரைக்காரர்கள் வானிலை அறிக்கையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். டெல்லியில் மையம் கொண்ட புயல் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கிறது, டெல்லிக்குக் கடல் இல்லை. அதையே நாகப்பட்டினத்துக்கு எழுதக் கூடாது.

எப்போது கட்டாயம் தவிர்க்க வேண்டும்?

ஊர்ப்பெயரும் 'புயலும்' பக்கத்துப் பக்கத்தில் வரும்போது. ஓர் உதாரணத்துக்கு, நகராட்சிக் கூட்டத்தில் சண்டை வந்தது என்று வைத்துக்கொள்வோம். 'நாகையில் புயல் கிளப்பிய தீர்மானம்' என்று தலைப்பு. பக்கத்தில் முழுதாகப் படித்தால் குழப்பம் இல்லை. ஆனால் மாலை நாளிதழின் வால்போஸ்டரில் அது எப்படி வரும்? மேலே 'நாகையில் புயல்' என்று ஒரு சாண் உயர எழுத்து, கீழே 'கிளப்பிய தீர்மானம்' என்று பொடி எழுத்து. டீக்கடைச் சட்டத்தில் தொங்கும் அந்தத் தாளை ஓடும் பேருந்திலிருந்து பார்ப்பவருக்கு மேல் வரிதான் கிடைக்கும். அது நவம்பராக இருந்தால் அவர் உடனே வீட்டுக்குப் போன் போடுவார். இப்படி இரண்டு தடவை ஏமாந்தவர் மூன்றாவது போஸ்டரை நம்பாமல் போனால் குற்றம் அவருடையதா?

கைப்பேசிக்கு வரும் அறிவிப்பும் இப்படித்தான். பாதித் தலைப்போடு வெட்டுப்படும். யூடியூப் தம்ப்நெயிலில் 'புயல்' என்று சிவப்பில் போட்டு உள்ளே கட்சிக் கூட்டம் காட்டுவது, என் பார்வையில், பொய்ச் செய்திக்கு அடுத்த வீடு.

இன்னொரு இடம் நிவாரணச் செய்தி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. ஒரு தென்னை நட்டுக் காய்ப்புக்கு வர வருடக்கணக்கில் ஆகும். பிள்ளையைப் போல வளர்த்த தோப்பு கிடந்த கிடையைப் பார்த்துக்கொண்டு நிற்பவரிடம் 'புயல் வேகத்தில் நிவாரணப் பணி' என்ற தலைப்பைக் காட்ட முடியுமா? அவருக்கு அந்தச் சொல்லின் பொருள் அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான்.

அதே போல, முதல் பக்கத்தில் புயல் எச்சரிக்கை போகும் நாளில் சினிமாப் பக்கத்தில் 'புயலாக வந்த நாயகி'யை மாற்றிவிடுங்கள். இரண்டு பக்கத்தையும் இரண்டு பேர் செய்வதால் இது நழுவும். இரவு ஆசிரியர் அச்சுக்கு அனுப்பும் முன் எல்லாப் பக்கத் தலைப்புகளையும் ஒரு தரம் வாய்விட்டுப் படித்தால் போதும்.

மீனவர்கள் செய்தித் தலைப்பைப் பார்த்தா கடலுக்குப் போகிறார்கள்? அவர்களுக்குத்தான் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு இருக்கிறதே?

துறைமுகக் கூண்டு இருக்கிறது, வானொலி இருக்கிறது, மீன்வளத் துறையின் எச்சரிக்கை வருகிறது. காற்றைப் படிக்கும் அனுபவமும் இருக்கிறது. கொண்டல், வாடை, கச்சான், சோழகம் என்று கரையோரத்தில் ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். செய்தி இவை எல்லாவற்றோடும் சேர்ந்து வேலை செய்கிறது. கரையில் இருக்கும் குடும்பம் அதைப் பார்த்துத்தான் போன் போடுகிறது.

2017-இல் ஒக்கி புயல் வந்தபோது நேரம் மிகக் குறைவாக இருந்தது. நவம்பர் 29-இல் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30-இல் புயலாகிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களிலிருந்து பல நாள் தங்கல் மீன்பிடிக்குப் போனவர்கள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். எந்த எச்சரிக்கையும் அவர்களைத் தொடவில்லை. பலர் திரும்பவே இல்லை. ஒரு சொல் சரியான நேரத்தில் சரியான பொருளோடு போய்ச் சேர்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த ஊர்களில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கூண்டு எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1 முதல் 11 வரை உண்டு. 1, 2 தொலைவில் ஏதோ உருவாகியிருக்கிறது என்பதற்கு. 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம் என்பதற்கு. 5, 6, 7 ஆபத்து. 8, 9, 10 பெரும் ஆபத்து. இந்த இரண்டு தொகுதிகளுக்கு உள்ளே எண்ணின் வித்தியாசம் புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதையே காட்டுகிறது. ஆகவே '5-லிருந்து 6-ஆக ஆபத்து அதிகரித்தது' என்று எழுதுவது தவறு. 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. 'கட்சித் தலைமைக்கு 3-ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு' என்று அரசியல் பத்தியில் எழுதுகிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எண்ணின் பொருள் தெரிந்து எழுதினால் இன்னும் கூர்மையாக இருக்கும்.

புயல், சூறாவளி இரண்டும் ஒன்றா?

யார் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இலங்கையில் சூறாவளி என்பதுதான் வழக்கமான சொல். மட்டக்களப்பில் 1978 நவம்பர் 23-ஆம் தேதி அடித்ததை அங்கே இன்றைக்கும் '78 சூறாவளி' என்றுதான் சொல்வார்கள். தமிழ்நாட்டு வானிலை அறிக்கையில் 'சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் வீசக்கூடும்' என்று வரும். அது புயலுக்குக் கீழே இருக்கும் பலத்த காற்று. அதாவது பாக் நீரிணையின் ஒரு கரையில் பேரழிவைக் குறிக்கும் சொல், மறுகரையில் மீனவர்களுக்கான அன்றாட எச்சரிக்கையில் வருகிறது.

இணையத்தில் எழுதினால் இரண்டு கரையிலும் படிப்பார்கள். இலங்கைச் செய்தியை எடுத்துப் போடும்போது சூறாவளியைப் புயல் என்று மாற்ற வேண்டாம். காற்றின் வேகத்தை எண்ணில் கொடுத்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

உருவகத்தில் சூறாவளி தேர்தல் காலத்துச் சொல். 'சூறாவளிச் சுற்றுப்பயணம்' இல்லாத தேர்தல் தமிழ்நாட்டில் நடந்ததில்லை. பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வருவதால் தொந்தரவு குறைவு.

சுனாமி, வெள்ளம், அலை?

'அலை' உருவகத்தில் ஊறிப்போய்விட்டது. 1984 தேர்தலை 'அனுதாப அலை' என்று சொல்லாமல் யாரும் எழுத முடியாது. 'மக்கள் வெள்ளம்' என்பதும் பழகிவிட்டது. வெள்ளப் பகுதிக்கு அமைச்சர் போகும் செய்தியில் மட்டும் 'மக்கள் வெள்ளத்தில் நீந்தி' என்று எழுதிவிடாதீர்கள்.

'சுனாமி'யை நான் உருவகமாக எழுதுவதில்லை, மற்றவர்கள் எழுதினாலும் மாற்றச் சொல்வேன். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். 'வாக்கு சுனாமி', 'வசூல் சுனாமி' என்ற தலைப்பை நாகையின் மீனவ ஊரான அக்கரைப்பேட்டையிலும் படிப்பார்கள். புயலுக்குப் பருவத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றேன். சுனாமிக்கு அந்தச் சலுகைகூட வேண்டாம் என்பது என் கட்சி.

காற்றுதான் புயலின் நேர்ப்பொருள் என்றால், பழைய இலக்கியத்தில் வேறு மாதிரி வருகிறதே?

ஆமாம், பழைய தமிழில் புயல் என்றால் மேகம், மழை. 'ஏரின் உழாஅர் உழவர் புயல்என்னும் வாரி வளங்குன்றிக் கால்' என்பது குறள். மழை என்னும் வருவாய் குறைந்தால் உழவர் ஏர் ஓட்ட மாட்டார்கள் என்கிறது. திருமாலைப் புயல்வண்ணன் என்பதும் மேகநிறத்தான் என்ற பொருளில்தான். ஆக நாம் 'நேர்ப்பொருள்' என்று சொல்வதே ஒரு காலத்தில் இடம் பெயர்ந்து வந்ததுதான். இதைக் காட்டி 'எப்படி வேண்டுமானாலும் எழுதலாம்' என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். செய்தி எழுதுகிறவர் இன்றைய வாசகருக்கு எழுதுகிறார். கடலூர் துறைமுகத்தில் இன்றைக்குப் புயல் என்றால் என்ன பொருளோ அதுதான் கணக்கு.

'தேநீர்க் கோப்பையில் புயல்' என்று எழுதலாமா?

வேண்டாம். ஆங்கிலத்திலிருந்து வந்த இரவல் சரக்கு. 'ஒன்றுமில்லாத விஷயத்துக்கு இவ்வளவு கூச்சல்' என்று நேராகச் சொல்லுங்கள். 'புயலுக்கு முந்தைய அமைதி' தமிழில் நிலைத்துவிட்டது. ஆனால் வாரத்துக்கு ஒரு கட்டுரையில் வந்தால் அமைதியும் தேய்ந்துவிடும், புயலும் தேய்ந்துவிடும்.

புயல்களின் பெயரை வைத்துத் தலைப்பில் விளையாடலாமா?

வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயர் வைப்பது 2004-இல் தொடங்கியது. இப்போதைய பட்டியல் 2020-இல் வந்தது. 13 நாடுகள், நாட்டுக்கு 13 பெயர், மொத்தம் 169. புயல் என்ற படியைத் தொட்டபிறகுதான் பெயர் கிடைக்கும். வேற்றுமொழிப் பெயர்கள் என்பதால் எழுத்துக்கூட்டலே தகராறு. ஒக்கி, ஓகி, மிக்ஜாம், மிச்சாங், ஃபெங்கல், பெஞ்சல். ஒவ்வொரு பத்திரிகையும் ஒரு விதமாக எழுதினால், கைப்பேசியில் தேடுகிறவருக்குப் பாதிச் செய்தி கிடைக்காது. உங்கள் நிறுவனத்துக்குள்ளாவது முதல் நாளே ஒரு வடிவத்தை முடிவு செய்து மேசை, நிருபர், காட்சிப் பிரிவு மூன்று இடத்துக்கும் அனுப்பிவிடுங்கள்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த புயலின் பெயர் 'தானே'. தமிழில் அது ஏற்கெனவே புழங்கும் சொல். 'தானே வந்து தானே போனது' என்ற ரகத்தில் தலைப்பு எழுத யாருக்கும் கை அரிக்கும். கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அங்கே போய் அந்தச் சிலேடையைப் படித்துக் காட்டத் தயாராக இருந்தால் மட்டும் எழுதுங்கள். நிஷா போன்ற பெண்பெயர்கள் வந்தபோது 'ஆடினாள், அடங்கினாள்' என்று எழுதுவதும் இதே ரகம். புயல் அஃறிணை. வந்தது, போனது போதும்.

பட்டியலில் இந்தியா கொடுத்த பெயர்களில் ஒன்று 'முரசு'. கதி, தேஜ் ஆகியவற்றுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. தே.மு.தி.க.வின் தேர்தல் சின்னமும் முரசுதான். ஆகவே அந்தப் பெயர் கடலுக்கு வரும்போது தலைப்பு, போஸ்டர், ஸ்க்ரோல், அறிவிப்பு என்று எல்லா இடத்திலும் 'முரசு புயல்' என்று இரண்டு சொல்லையும் சேர்த்தே போட வேண்டும். 'முரசு கொட்டியது', 'முழங்கியது' என்று எழுதும் இடத்தில் எந்த ஊரில் எத்தனை செ.மீ. பெய்தது என்பதை எழுதுங்கள். அந்த வாரத்தில் தே.மு.தி.க. செய்தி வந்தால் கட்சிப் பெயரைப் போடுங்கள், 'முரசு' வேண்டாம்.